உறையாத பாலும் ஒரு இறால் ரிப்போர்ட்டும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. லேப்ல ஆணி அதிகம், அதான். நடுவுல ஒரு வாரம் லீவு போட்டுட்டு குடும்பத்தோட ஊருக்குப் போயிருந்தோம். மாமா பையன் கல்யாணம். மறுநாள் கறி விருந்துல எதிர்ல உட்கார்ந்திருந்த பெரிய மாமா, கையில எடுத்த லெக் பீஸை அப்படியே நிறுத்தி, "மாப்ள, நீ இதத்தான விசாகப்பட்டணத்துல டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருக்க? இந்த பிராய்லரத் திங்கலாமா கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லு"ன்னார்.

பந்தியில இருபது பேர் இலையை விட்டுட்டு என் வாயைப் பார்க்கிறாங்க. "தின்னுங்க மாமா"ன்னேன். தங்கமணி பக்கத்துல இருந்து ஒரு பார்வை பார்த்தாங்க. வீட்டுல இதே கேள்விக்கு நான் அரை மணி நேரம் லெக்சர் அடிப்பேன்னு அவங்களுக்குத் தெரியும்.

வெளியூர்ல குப்பை கொட்டுற நம்ம எல்லாருக்கும் இப்படி ஒரு கேள்வி உண்டு. டாக்டரா இருந்தா முட்டி வலி, பேங்க்ல இருந்தா லோன், கம்ப்யூட்டர்ல இருந்தா மாமா பேத்தியோட லேப்டாப். எனக்கு "எதைச் சாப்பிடலாம்?" கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுறாங்கங்கிற கதையை முதல்ல ஓரமா வெச்சுடுங்க. ஒரு ஷெட்டுல ஆயிரக்கணக்குல வளர்ற, ஆறு வாரத்துல வெட்டப்போற கோழிக்கு ஒவ்வொண்ணாப் பிடிச்சு ஹார்மோன் ஊசி போட்டா பண்ணைக்காரர் போண்டி ஆயிடுவார். தீவனத்துலயும் தண்ணியிலயும் கலந்து தர்ற ஆன்டிபயாட்டிக் வேற விஷயம். அது நிஜம். மனுஷனுக்குக் கடைசிக் கட்டத்துல தர்ற கொலிஸ்டின் மருந்தைக் கூட கோழிக்குக் கொடுத்துக்கிட்டு இருந்தோம். 2019 ஜூலையில தான் மத்திய அரசு தடை போட்டுச்சு.

சரி, கோழியை விடுங்க. நான் சொல்ல வந்தது பாலும் இறாலும். அதுக்கு கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

எங்க வீட்டுல ரெண்டு மாடு இருந்தது. நான் ஏழாப்பு படிக்கிறப்போ ஒரு மாட்டுக்கு மடிநோய். மடி கல்லு மாதிரி வீங்கி, தொட்டா உதைக்குது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து மூணு நாள் ஊசி போட்டார். அம்மா வழக்கம் போல ராத்திரி பாலைக் காய்ச்சி, ஆற வெச்சு, உறை ஊத்தி மூடி வெச்சாங்க. காலையில திறந்தா பால் பாலாவே இருக்குது. உறை மோர் சரியில்லைன்னு பக்கத்து வீட்டுல வாங்கி ஊத்திப் பார்த்தாங்க. அன்னைக்கும் உறையலை. இன்னொரு மாட்டுப் பால் மட்டும் கெட்டியா உறைஞ்சு நிக்குது. அம்மா சொன்னது இப்பவும் காதுல இருக்கு: "ஏல, ஊசி போட்ட மாட்டுப் பாலு உறையாது. மருந்து எறங்குற வரைக்கும் அப்படித்தான்."

அம்மா அஞ்சாங்கிளாஸ். லேக்டோபேசில்லஸ்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. ஆனா பென்சிலின் இருக்கிற பால்ல உறை மோர்ல இருக்கிற பாக்டீரியா பிழைக்காதுங்கிறதை ஒரு சட்டியை வெச்சுக் கண்டுபிடிச்சாங்க. இன்னைக்கு உலகம் முழுக்கப் பால் பண்ணைகள்ல பயன்படுத்துற டெல்வோடெஸ்ட்டும் அடிப்படையில அதே சட்டி தான். ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோபிலஸ்னு சூட்டுக்குப் பயப்படாத ஒரு பாக்டீரியா. அதோட வித்துக்களை ஊதா நிறச் சாயம் கலந்த அகார்ல போட்டு வெச்சிருப்பாங்க. ரெண்டு சொட்டுப் பாலை விட்டு 64 டிகிரியில சுமார் மூணு மணி நேரம் வைக்கணும். பாக்டீரியா வளர்ந்தா அமிலம் சுரந்து ஊதா மஞ்சளாகும், அப்போ பால்ல மருந்து இல்லை. ஊதா அப்படியே நின்னா எதோ ஒண்ணு பாக்டீரியாவை வளர விடலைன்னு அர்த்தம். பென்சிலினுக்கு பால்ல அனுமதிச்ச அளவு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். அந்த அளவையே இந்தக் குட்டிக் குழாய் காட்டிக் கொடுத்துடும்.

கவனிங்க, "எதோ ஒண்ணு". என்ன மருந்து, எவ்வளவுன்னு ஊதா நிறம் சொல்லாது. அம்மாவோட சட்டியும் சொல்லாது. மார்கழிக் குளிர்ல கூடத்தான் பால் உறையாது. இதை அப்புறம் திரும்பப் பேசணும்.

அந்த மூணு நாள் பாலை என்ன செஞ்சோம்னு கேட்பீங்க. வீட்டுக்கு உபயோகிக்கலை. சொசைட்டிக்கு ஊத்தினோம். ஆமா. எல்லாரும் ஊத்துற கேன்ல எங்க ரெண்டு லிட்டரும் கலந்து போச்சு. யாரும் கேட்கலை, எங்களுக்கும் அது தப்புன்னு தோணலை. ஊசி போட்டா இத்தனை நாள் பாலை விற்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரான்னு எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருந்தாலும் அந்தக் காசு வேண்டியிருந்தது.

இப்போ நிலைமை எப்படின்னா, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துப் பார்த்தாங்க. அதுல அளவுக்கு மேல ஆன்டிபயாட்டிக் இருந்தது 77ல, அதாவது 1.2 சதவீதம். யூரியா, டிடர்ஜென்ட்னு நாம பயந்து சாகுற கலப்படம் 12ல தான். தீவனத்துல பூசணம் பிடிச்சு வர்ற அஃப்ளடாக்சின் தான் அதிகம், 368 மாதிரிகள். இந்தக் கணக்கை தங்கமணிகிட்ட காட்டினப்போ, "அப்போ நாம வாங்குற பாக்கெட் அந்த 77ல ஒண்ணா இல்லையா?"ன்னு கேட்டாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. காய்ச்சினா போயிடுமான்னும் நிறைய பேர் கேட்கிறாங்க. போகாது. கிருமி சாகும், மருந்து பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

நிற்க. இப்போ இறாலுக்கு வருவோம்.

விசாகப்பட்டணத்துக்கு நான் வந்தது 2003ல. அப்போ இறால் ஏற்றுமதிக்காரங்க எல்லாருக்கும் வயித்துல புளி கரைச்சுக்கிட்டு இருந்த நேரம். அதுக்கு ஒண்ணு ரெண்டு வருஷம் முன்னாடி தான் ஆசியாவுல இருந்து போன இறால்ல ஐரோப்பாக்காரங்க குளோராம்பெனிகாலும் நைட்ரோஃபியூரானும் கண்டுபிடிச்சிருந்தாங்க. நைட்ரோஃபியூரான் புற்றுநோய் சந்தேகத்துக்காக அவங்க ஊர்ல 1990கள்லயே தடை பண்ணின மருந்து. தடை பண்ணினதுக்கு "இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை"ங்கிற அளவே கிடையாது. சோதனைக் கருவி எவ்வளவு சின்னதைப் பார்க்கணும்ங்கிறதுக்கு மட்டும் 2003ல ஒரு கோடு போட்டாங்க: கிலோவுக்கு 1 மைக்ரோகிராம், அதாவது 1 பிபிபி. பத்து டன் இறால் ஏத்தின லாரியில 10 மில்லிகிராம். நகக்கண்ணுல ஒட்டுற உப்பு.

இந்த மருந்துல ஒரு வம்பு என்னன்னா, இறால் உடம்புக்குள்ள போன கொஞ்ச நேரத்துல அது உடைஞ்சு காணாம போயிடும். உடைஞ்ச துண்டு மட்டும் புரதத்தோட ஒட்டிக்கிட்டு வாரக்கணக்குல இருக்கும். அதனால நாங்க தேடுறது மருந்தை இல்லை, அது விட்டுட்டுப் போன துண்டை. நாலு மருந்துக்கு நாலு துண்டு: ஏஓஇஸட், ஏஎம்ஓஇஸட், ஏஹெச்டி, அப்புறம் செமிகார்பசைட். இந்தக் கடைசி ஆளை லேப்ல செல்லமா "செம்"னு கூப்பிடுவோம். நைட்ரோஃபியூரசோன்ங்கிற மருந்தோட துண்டு அது.

இறாலை அரைச்சு, அமிலத்துல போட்டு ஒட்டினதைப் பிரிச்சு, இன்னொரு ரசாயனத்தோட கோர்த்து, 37 டிகிரியில ராத்திரி முழுக்க வைக்கணும். இட்லி மாவு மாதிரி தான், அவசரப்படுத்த முடியாது. காலையில எடுத்து சுத்தம் பண்ணி எல்சி-எம்எஸ்-எம்எஸ் மெஷின்ல ஏத்தினா, மூலக்கூறை எடை போட்டு, உடைச்சு, உடைஞ்சதையும் எடை போட்டுச் சொல்லும். மெஷின் செம்னு சொன்னா அது செம் தான். அதுல சந்தேகமே கிடையாது.

2010 ஜனவரி, சங்கராந்திக்கு முன்னாடி. பீமவரம் பக்கத்துல இருந்து ஒரு ஏற்றுமதிக்காரர் மூலமா ஸ்காம்பி மாதிரி வந்தது. நம்ம ஊர்ல நீலக்கால் இறால்னு சொல்றோமே, அந்த நன்னீர் இறால். தலையும் ஓடும் சேர்த்து ரெண்டு பொட்டலம், அரைக் கிலோ அரைக் கிலோவா. ஒண்ணை அப்படியே முழுசா மிக்ஸியில போட்டு அரைச்சோம். எங்க லேப்ல அப்போ அது தான் வழக்கம். வாங்குறவன் முழு இறாலா வாங்குறான், முழுசாவே பார்ப்போம்ங்கிற நியாயம். இன்னொண்ணு ஃப்ரீசர்ல இருந்தது.

ரிசல்ட்: மூணு துண்டு இல்லை. செம் மட்டும் 1.8.

கையெழுத்துப் போட்டேன். ரிப்போர்ட் போயிடுச்சு. அந்த வாரமே ஏற்றுமதிக்காரர் சரக்கு வேண்டாம்னுட்டார்.

நாலாம் நாள் காலையில லேப் வாசல்ல ஒரு பெரியவர். அறுபது வயசு இருக்கும். வெள்ளைப் பஞ்சக்கச்சம், கையில ரெண்டு உரச் சாக்குப் பை. ராத்திரி ரயில்ல வந்திருக்கார். "கூர்ச்சோண்டி"ன்னேன், உட்காரலை. பையைத் திறந்து மேஜை மேல ஒவ்வொண்ணா எடுத்து வெச்சார். தீவனம் ஒரு பாக்கெட், மினரல் பவுடர், சுண்ணாம்பு, குளத்துத் தண்ணி ஒரு பாட்டில். "மேமு மந்து வேயலேது சார்"னார். நாங்க மருந்து போடலை. இதுல எதுல இருக்குன்னு பாருங்க, நான் பணம் கட்டுறேன்னார். நாலு ஏக்கர் குத்தகைக் குளம். இறாலைப் பிடிச்சாச்சு, ஐஸ்ல கிடக்குது, உள்ளூர் வியாபாரி பாதி விலைக்குக் கேட்கிறான்.

இந்த வசனத்தை நான் அதுக்கு முன்னாடி நூறு தடவை கேட்டிருக்கேன். அதுல பாதிக்கு மேல பொய்னும் தெரியும். மருந்துக் கடையில லேபிள்ல ஒண்ணுமே எழுதாத பவுடரை "டானிக்"னு வாங்கிப் போட்டுட்டு, போடலைன்னு சத்தியம் பண்றவங்களைப் பார்த்திருக்கேன். அவங்க பொய் சொல்றதாக் கூட நினைக்க மாட்டாங்க. அதனால பெரியவர்கிட்ட மரியாதையா, ஆனா முடிவாப் பேசினேன். உங்களுக்காக இன்னொரு தடவை பார்க்கிறேன்னேன். அதே அரைச்ச விழுதை எடுத்துத் திரும்ப ஓட்டினேன். 1.7. "பார்த்தீங்களா?"ன்னேன். அவர் பாக்கெட்டையெல்லாம் திரும்பப் பையில எடுத்து வெச்சுக்கிட்டார். தண்ணி பாட்டிலை மட்டும் மேஜையிலேயே விட்டுட்டுப் போயிட்டார்.

2011ல பெல்ஜியம் கென்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களோட கட்டுரை ஒண்ணு வந்தது. 2009ல வங்கதேசம் நைட்ரோஃபியூரான் பிரச்சனையால ஐரோப்பாவுக்கு நன்னீர் இறால் அனுப்புறதைத் தானாவே ஆறு மாசம் நிறுத்தி வெச்சிருந்தது. இது உண்மையிலேயே மருந்து தானாங்கிற கேள்வி அப்போ சூடா இருந்தது. அவங்க ஆராய்ஞ்சது அதே நீலக்கால் இறாலை. மருந்தே படாம வளர்த்த இறால்லயும் செம் இருக்கலாம், முக்கியமா ஓட்டுல, இயற்கையாவேன்னு எழுதியிருந்தாங்க.

ஓட்டுல.

கட்டுரையை மூடிட்டு ஃப்ரீசர் பதிவேட்டைத் தேடினேன். அந்த ரெண்டாவது அரைக் கிலோ, வெச்சிருக்க வேண்டிய காலம் முடிஞ்சு தூக்கிப் போட்டாச்சுன்னு என் கையெழுத்துலயே இருந்தது. பெரியவர் என் மேஜைக்கு எதிர்ல நின்ன அன்னைக்கு அது பத்தடி தூரத்துல முழு இறாலா இருந்தது. ஓட்டை உரிச்சு, சதையைத் தனியா, ஓட்டைத் தனியாப் பார்க்க ஒரு ராத்திரி போதும். நான் என்ன செஞ்சேன்? ஓடு கலந்த அதே விழுதை ரெண்டாந்தடவை பார்த்துட்டு உறுதின்னு சொன்னேன்.

கட்டுரை அப்புறம் தானே வந்ததுன்னு நீங்க சொல்லலாம். நானும் ஒரு வாரம் அப்படித்தான் சொல்லிக்கிட்டேன். ஆனா செம் வேற வழியிலயும் வரும்ங்கிறது எனக்கு 2003லயே தெரியும். கண்ணாடி பாட்டில்ல அடைச்ச குழந்தை உணவுல செம் இருந்து ஐரோப்பாவுல பெரிய கலாட்டா ஆச்சு. பாட்டில் மூடியோட உள்பக்க ரப்பர் மாதிரி வளையத்துல போடுற அசோடைகார்பனமைட்ங்கிற ரசாயனத்துல இருந்து அது வந்ததுன்னு கண்டுபிடிச்சு, 2005ல அந்த ரசாயனத்தை உணவு படுற பொருள்கள்ல தடையே பண்ணினாங்க. இதை நான் புதுசா வந்த பசங்களுக்கு வகுப்பே எடுத்திருக்கேன்! பாட்டில் மூடியில வரலாம்னு தெரிஞ்சவனுக்கு, "மூணு துண்டு இல்லாம இது மட்டும் ஏன் தனியா வருது?"ன்னு ஒரு கேள்வி தோணியிருக்கணும். தோணலை. மெஷின் சரியாத்தான் சொல்லுச்சு. செம் இருக்குன்னு சொல்லுச்சு. மருந்து போட்டாங்கன்னு சொன்னது நான்.

அவர் மருந்து போட்டாரா இல்லையான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. போட்டிருக்கவும் கூடும். தெரிஞ்சுக்கிற வழியைத் தான் தூக்கிப் போட்டுட்டேனே.

2012ல வேற வேலையா பீமவரம் போனப்போ அவர் ஊரை விசாரிச்சுப் போனேன். குத்தகையை விட்டுட்டார். சொந்தமா இருந்த ஒண்ணரை ஏக்கர்ல கட்லா, ரோகு விட்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுக்கிட்டார், அது தான் கஷ்டமா இருந்தது. திண்ணையில உட்கார வெச்சு மோர் கொடுத்தாங்க. எனக்குத் தெரிஞ்ச அரைகுறைத் தெலுங்குல எல்லாத்தையும் சொன்னேன்: ஓடு, சதை, பெல்ஜியம், ஃப்ரீசர். குறுக்கே பேசாம கேட்டார். கடைசியில ரெண்டே வார்த்தை: "ராசி இவ்வண்டி."

ஒரு நிமிஷம் எதோ ராசி பலன் கேட்கிறார்னு நினைச்சேன். எழுதிக் கொடுங்கங்கிறார். அந்த ரிப்போர்ட் ஏற்றுமதிக்காரர் கையில, வியாபாரிங்க வாயில, ஊர்ல எல்லாரும் இவரை "மந்து போட்டவன்"னு பேசிக்கிட்டு இருந்திருக்காங்க. காசு போனதை அவர் பேசவே இல்லை.

திரும்பி வந்து லேப்ல கேட்டேன். அன்னைக்கு இருந்த முறைப்படி ரிப்போர்ட் சரி, மாதிரியும் இப்போ இல்லை, எதை வெச்சு மாத்துவேன்னாங்க. சட்டப்படி அதுவும் சரி தான். நான் தனியா என் பேர்ல ஒரு கடிதம் எழுதினேன். எழுதி, மேஜை டிராயர்ல வெச்சேன். ஏற்றுமதிக்காரர் வழக்குப் போட்டா, வேலை போனா, பொண்ணு அப்போ ரெண்டாங்கிளாஸ்... காரணத்துக்குக் குறைச்சலா? அனுப்பலை.

லேப்ல ஒண்ணு மட்டும் மாத்த முடிஞ்சது. ஓட்டோட வர்ற இறாலை உரிச்சு, சதையை மட்டும் அரைக்கிறோம். செம் தனியா வந்தா கையெழுத்துக்கு முன்னாடி மீதி மாதிரியில இருந்து சதை, ஓடு ரெண்டும் தனித்தனியா. இதுக்கு ஒரு நாள் கூடுதலா ஆகுதுன்னு ஏற்றுமதிக்காரங்க கத்துவாங்க. 2016ல ஐரோப்பா நம்ம வளர்ப்பு இறால் சரக்குல 10 சதவீதத்துக்குப் பதிலா 50 சதவீதத்தைத் துறைமுகத்துலயே சோதிக்கப் போறோம்னு சொன்ன பிறகு இன்னும் அதிகமாக் கத்தினாங்க. 2022 நவம்பர்ல கோடும் 1ல இருந்து 0.5க்கு இறங்கிடுச்சு. கோடு இறங்க இறங்க, ஓட்டுல இருந்து வர்ற துளிக்கும் மாட்டிக்கிற வாய்ப்பு கூடும் இல்லையா?

அந்த 0.5ஐக் கொண்டு வந்த 2019 சட்டத்துலயே ஒரு அடிக்குறிப்பு இருக்கு. கிரேஃபிஷ்ங்கிற நன்னீர் இனத்துல செம் இயற்கையாவே இருக்கிறதால, செம்மை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க, கூட வேற துண்டும் இருந்தா தான் மருந்துன்னு எடுத்துக்கோங்கன்னு. ஸ்காம்பி பேர் அதுல இல்லை. இருந்தாலும் அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து, கீழே தெலுங்குல நாலு வரி எழுதி, என் பேரும் போட்டு, பெரியவரோட மகனுக்கு வாட்சப்ல அனுப்பினேன். தெலுங்கை என் பொண்ணு திருத்திக் கொடுத்தா, ரெண்டு இடத்துல சிரிச்சுக்கிட்டே. எதுக்குப்பா இதுன்னு கேட்டா. சொன்னேன். அப்புறம் சிரிக்கலை.

நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

இந்த வாரம் திங்கக்கிழமை அதே நம்பர்ல இருந்து போன். மகன் தான். மூணு ஏக்கர்ல வனாமி போட்டிருக்காராம், அடுத்த வாரம் பிடிக்கப் போறாராம், டெஸ்ட் பண்ணித் தருவீங்களான்னு கேட்டார். அப்பா எப்படி இருக்கார்னேன். பக்கத்துல தான் இருக்கார், உங்ககிட்ட தான் கொடுக்கச் சொன்னார்னார்.

நேத்து மாதிரி வந்தது. ஒரு கிலோ, தலையோட, ஓட்டோட. பசங்களை விடாம நானே உட்கார்ந்து உரிச்சேன். சதை ஒரு டப்பா, ஓடு ஒரு டப்பா, உரிக்காத அரைக் கிலோ ஃப்ரீசர்ல. இதை நான் தட்டிக்கிட்டு இருக்கிற இந்த நேரத்துல ரெண்டும் 37 டிகிரியில இருக்கு. காலையில ஏழு மணிக்குப் போய் மெஷின்ல ஏத்தணும்.